காணாமல் போன ஒன்றேகால் அடி

உக்காருங்க சார். அந்தக் கதவையே மொறச்சுப் பாத்தா சீக்கிரம் திறந்துரவா போகுது? கப்பல் இப்பத்தான் நம்ம சக்கரத்தோட நடுக்குடத்துல வந்து ஒட்டியிருக்கு. அங்க எடையே கிடையாது, தெரியும்ல? ஆளுங்க மிதந்து, ஒருத்தர் தலையில ஒருத்தர் முட்டி, கயித்தைப் பிடிச்சுத்தான் லிஃப்ட்டுக்குள்ள வரணும். அப்புறம் ஆரக்கால் வழியா லிஃப்ட்டை மெதுவா இறக்குவாங்க. இறங்க இறங்கத்தான் உடம்புல எடை ஏறும். அவசரமா இறக்குனா வாந்தி எடுத்துருவாங்கன்னு மாட்டுவண்டி கணக்கா உருட்டிக்கிட்டு வருவாங்க. இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், நீங்க உக்காருங்க.

யாருக்குக் காத்திருக்கீங்க? வீட்டம்மாவா? நல்லது. வந்ததும் டீ போட விட்டுறாதீங்க. புதுசா வர்றவங்க ஊர் ஞாபகத்துல கையைத் தூக்கி ஆத்துவாங்க. இங்க அது கிளாஸுக்கு நேரா விழாது சார், ஒதுங்கிப் போயி விழும். நான் வந்த முதல் வாரத்துலயே மூணு சட்டை போச்சு.

நானா? நான் ஒரு ஆளைத் திட்டுறதுக்குக் காத்திருக்கேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். என் மச்சான், என் சம்சாரத்தோட கூடப்பிறந்த அண்ணன். பேரு இருளப்பன். எட்டு மாசத் திட்டு சேத்து வச்சிருக்கேன். வரிசைப்படி மனப்பாடம் பண்ணியிருக்கேன். மூணு கேள்வி கேக்கணும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி.

என் பேரு சோலைமலை. மேலூருக்குக் கிழக்க. கொத்தனாரு. என்னடா, ஆகாயத்துல கொத்தனாருக்கு என்ன வேலைன்னு பாக்குறீங்களா? எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. இந்தச் சக்கரத்தைக் கட்டினவன் இரும்புக் கூடுதான் கட்டிக் குடுத்தான். ஆளுங்க குடியிருக்கணும்னா ரூமு வேணும், அடுப்படி வேணும், சுவரு வேணும்ல? நிலாவுல இருந்து மண்ணு வருது, அழுத்திக் கல்லா அறுத்துத் தர்றாங்க. அருமையான கல்லு. தண்ணியே குடிக்காது.

நாங்க இருக்கிறது நடுத்தட்டு. சக்கரம் சுத்துறதுலதான் எடையே வருது, வாளியில தண்ணியை ஊத்திச் சுத்துனா அடியில ஒட்டிக்கிதுல்ல, அது மாதிரி. வெளித்தட்டுல இருக்கிறவங்களுக்கு ஊரு எடை. நடுத்தட்டுல அதுல பாதி. எழுவது கிலோ ஆளு இங்க முப்பத்தஞ்சு. இதை ஏன் சொல்றேன்னா, எங்க மச்சானுக்கு முழங்கால் தேஞ்சு போச்சு. ஊர்ல சாரம் ஏற முடியாம ரெண்டு வருசம் வீட்டுல உக்காந்திருந்தாரு. கொத்தனாரு வீட்டுல உக்காந்தா என்ன ஆவான்? பொண்டாட்டி வச்ச அடுப்பு சாஞ்சிருக்கும்பான், பக்கத்து வீட்டுக்காரன் படி கோணலும்பான். தெருவே அவரைக் கண்டா கதவைச் சாத்துச்சு. நான்தான் எழுதிப்போட்டு இங்க வரவழைச்சேன். பாதி எடையில முழங்காலு வலிக்கல. முதல் நாளே சாரத்துல ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிட்டு, மேல உக்காந்து அழுதாரு. ஆமா சார், அம்பத்தேழு வயசு ஆளு, தேம்பித் தேம்பி. நானும் கீழ நின்னு அழுதேன். அதை விடுங்க.

சண்டைக்கு வர்றேன்.

எங்க நடுத்தட்டு ஆளுகளுக்குன்னு ஒரு கூடம் கட்டச் சொன்னாங்க. விசேசம், கூட்டம் எல்லாத்துக்கும். அறுவது அடி நீளம், பதினாலு அடி உயரம். அதுவரைக்கும் நாங்க கட்டினது எல்லாம் எட்டடி ரூமு, பத்தடி ரூமு. இதுதான் முதல் பெரிய வேலை. கிழக்குச் சுவரு எனக்கு, மேற்குச் சுவரு மச்சானுக்கு. இங்க ஏது கிழக்கு மேற்குன்னு கேக்காதீங்க. சக்கரம் போற பக்கம் கிழக்குன்னு நாங்களே வச்சுக்கிட்டோம்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு சார். ஒருத்தர் கட்டுற சுவருல இன்னொருத்தர் தூக்குக்குண்டு விடக்கூடாது. நூலைக் கட்டி இரும்புக் குண்டைத் தொங்க விட்டு, சுவரு நெட்டா நிக்குதான்னு பாப்போம்ல, அந்தக் குண்டு. அடுத்தவன் சுவருல போயி அதை விட்டா, அவன் கன்னத்துல அறைஞ்ச மாதிரி. எங்க பக்கத்துல அதுக்கு வெட்டுக்குத்தே நடந்திருக்கு. நானும் மச்சானும் முப்பது வருசமா எதிரெதிர் சுவரு கட்டியிருக்கோம். ஒரு நாள் நான் அவரு சுவரைத் தொட்டதில்ல, அவரு என் சுவரைத் தொட்டதில்ல. அப்படி ஒரு மரியாதை.

சுவரு எழும்புச்சு. நான் வரிக்கு வரி குண்டு விட்டேன். இங்க குண்டை இறக்கும்போது ஒரு பக்கமா ஒதுங்கும், கொஞ்ச நேரம் பொறுத்தா நின்னுரும். நின்னதும் பாத்தா, நூலுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு முடி போகாது. அந்தக் கடைசியில மச்சானும் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு.

கூரைச் சட்டம் வந்துச்சு. கீழ தரையில அளந்து குடுத்த அளவு, கச்சிதமா அறுவது அடி. ரெண்டு சுவருக்கும் நடுவுல இறங்கி உக்காரணும். நடுத்தட்டு ஜனம் பூரா வேடிக்கை பாக்க வந்துருச்சு. தேங்காய் உடைச்சாச்சு. சட்டத்தைத் தூக்கியாச்சு.

இறங்கல சார்.

ஏதோ ஒரு அங்குலம், ரெண்டங்குலம்னா தட்டிச் சரி பண்ணுவோம். மேல ஏறி டேப்பு பிடிச்சா அம்பத்தெட்டே முக்கால் அடிதான் இருக்கு. கீழ அறுவது. ஒன்னேகால் அடியைக் காணோம்! ஒன்னேகால் அடி தப்பு வர்றதுக்கு நாங்க என்ன நேத்துக் கரண்டி பிடிச்ச பயலுகளா?

எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. என் சுவரு நெட்டா இருக்கு. என் கண்ணால பாத்தேன். அப்ப அந்த ஒன்னேகால் அடியும் யாரு சுவருல சாஞ்சிருக்கும்? இதுக்கு என்ன பெரிய படிப்பா வேணும்?

நான் ஒரு வார்த்தை சொல்லல சார். மேற்குச் சுவரை ஒரு பார்வை பாத்தேன், அவ்வளவுதான். அந்த ஆளு என்ன செஞ்சாரு தெரியுமா? கிழக்குச் சுவரைப் பாத்தாரு! என் சுவரை! அப்புறம் வாய் சும்மா இருக்குமா? நான் ஒண்ணு சொல்ல, அவரு ஒண்ணு சொல்ல, அவரு தங்கச்சிக்கு நான் தாலி கட்டின நாள்ல பந்தக்கால் கோணலா நட்டதுவரைக்கும் போயிருச்சு. அதுவும் நான் நட்டதில்ல, அவங்க வீட்டு ஆளுக நட்டது.

எல்லாரும், “குண்டை விட்டுப் பாத்துருங்கப்பா”ன்னாங்க. நாங்க ரெண்டு பேருமே, “அந்தப் பேச்சே வேணாம்”னுட்டோம். என்ன சண்டைன்னாலும் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?

இஞ்சினியரு ஆக்னஸ் மேடம் அப்ப இங்க இல்ல, இன்னொரு சக்கரத்துக்கு வேலையாப் போயிருந்தாங்க. ஆபீஸ்ல இருந்தவங்களுக்குக் காகிதம் தெரியும், சுவரு தெரியாது. ஒரு சீட்டு வந்துச்சு. சுவரு சாஞ்சதுக்கு யாரு பொறுப்போ அவரு எழுதிக் குடுக்கணும், அவரை அடுத்த கப்பல்ல ஊருக்கு அனுப்பிரணும், ரெண்டு நாள் கெடு. அவ்வளவுதான் சீட்டு.

வீட்டுக்குப் போனா வெள்ளத்தாயி அழுதுக்கிட்டு இருக்கா. என் சம்சாரம். “எங்கண்ணன் முழங்காலை வச்சுக்கிட்டு ஊர்ல என்ன செய்யும்? திரும்பவும் அந்தத் தெருவுல உக்காந்து எல்லாரு வீட்டுப் படியையும் குறை சொல்லணுமா?” அப்படிங்கிறா. நான், “அதுக்கு நான் என்ன செய்ய? சாஞ்ச சுவரு சாஞ்சதுதான்”னேன். தட்டை நங்குன்னு வச்சுட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் காலையில எனக்கு வேலை ஓடல. யோசிச்சுப் பாத்தேன். எனக்கு ஊர்ல கைகால் நல்லாத்தான் இருக்கு. எங்க போனாலும் பொழச்சுக்குவேன். அவரு கதை அப்படி இல்ல. சரி, போகட்டும், ஒரு பொய்தானன்னு உக்காந்து எழுதினேன். ‘கிழக்குச் சுவரு சாஞ்சது என் கவனக்குறைவு. சோலைமலை, கொத்தனார்.’ அந்த ‘கவனக்குறைவு’ங்கிற வார்த்தையை ரெண்டு தடவை அடிச்சு அடிச்சு எழுதினேன் சார். முப்பத்தஞ்சு வருசத் தொழில்ல என்னை யாரும் அந்த வார்த்தை சொன்னதில்ல.

சட்டைப்பையில வச்சுக்கிட்டு ஆபீஸுக்குப் போனேன். கிளார்க்கு தலையைக்கூடத் தூக்கல. “அந்த விசயம் முடிஞ்சிருச்சு மேஸ்திரி. இருளப்பன் காலையிலயே வந்து தன்னோட சுவருதான்னு எழுதிக் குடுத்துட்டாரு”ங்கிறாரு.

அப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பரவால்லயே, மச்சான் ஆயிரம் இருந்தாலும் கடைசியில உண்மையை ஒத்துக்கிட்டாரேன்னு நினைச்சேன். மனுசன்னா இப்படி இருக்கணும்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. என் சீட்டைக் கிழிச்சுப் போட்டேன். அது பொய்ச் சீட்டுத்தான? உண்மைச் சீட்டு வந்த பிறகு அதுக்கு என்ன வேலை?

வழியனுப்ப இதே இடத்துக்குத்தான் வந்தேன். ரெண்டு பேரும் பேசல. வெள்ளத்தாயிதான் அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. லிஃப்ட்டுக் கதவு மூடுற நேரத்துல அவரு என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. “மாப்ள, அடுத்த சுவரைப் பாத்துக் கட்டு.” எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க! சாஞ்ச சுவரைக் கட்டினவரு, நெட்டுச் சுவரு கட்டினவனுக்குப் புத்தி சொல்றாரு! உச்சந்தலை சூடாயிருச்சு. கதவு மூடிருச்சு, இல்லைன்னா அங்கயே கேட்டிருப்பேன். அன்னைக்குச் சேக்க ஆரம்பிச்ச திட்டு சார் இது.

ரெண்டு வாரம் கழிச்சு ஆக்னஸ் மேடம் வந்தாங்க. தூத்துக்குடிப் பொண்ணு. கூடத்தைப் பாத்தாங்க, கீழ அளந்தாங்க, மேல அளந்தாங்க, தலையில கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. “மேஸ்திரி, ரெண்டு சுவருமே சரியாத்தான் இருக்கு. சட்டத்தைத்தான் குறைச்சு வெட்டணும். இதுக்கா ஒரு மனுசனை ஊருக்கு அனுப்புனாங்க?”

“அதெப்படி மேடம் ரெண்டும் சரியா இருக்கும்?”னு கேட்டேன்.

“மாட்டுவண்டிச் சக்கரம் பாத்திருக்கீங்கல்ல? ஆரக்கால் ஒவ்வொண்ணும் நெட்டாத்தான நிக்குது?”

“நெட்டாத்தான் நிக்கும்.”

“வெளிப்பட்டைகிட்ட ரெண்டு ஆரக்காலுக்கு நடுவுல எவ்வளவு இருக்கும்?”

“ஒரு முழம் இருக்கும்.”

“நடுக்குடத்துகிட்ட?”

“நாலு விரல் நுழைஞ்சாப் பெருசு.”

“உங்க ரெண்டு சுவரும் ரெண்டு ஆரக்கால் மேஸ்திரி. இங்க எந்தச் சுவரை நெட்டா எழுப்புனாலும் அது குடத்தைப் பாத்துத்தான் போகும். மேல போகப் போக நெருங்கத்தான் செய்யும். நீங்களே தினமும் குடம், ஆரக்கால்னுதான சொல்றீங்க?”

நான், “நான் கட்டினது சுவரு மேடம், வண்டி இல்ல”ன்னேன். மேடம் சிரிச்சாங்க. நல்ல பொண்ணு சார். தப்பு பண்ணினவரைக் காட்டிக் குடுக்காம, எங்க ரெண்டு பேரு மானத்தையும் காப்பாத்த ஒரு கதை கட்டுதுன்னு எனக்குத் தெரியாதா? நானும் நம்புன மாதிரி தலையை ஆட்டி வச்சேன். சட்டத்தை வெட்டி இறக்கினோம். கச்சிதமா உக்காந்துச்சு.

அவங்க ஆபீஸுக்கு எழுதினாங்க. அங்க, அந்த ஆளே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டாரேன்னு பதில் வந்துச்சு. பாருங்க, ஆபீஸ்காரங்களுக்கும் என் புத்திதான்.

வெள்ளத்தாயி மட்டும் என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. சோறு வரும், பேச்சு வராது. ஊர்ல இருந்து சேதி வரும்போது மட்டும் என் காதுபடச் சத்தமாப் படிப்பா. அண்ணனுக்கு முழங்கால் வீங்கியிருக்கு, அண்ணன் குச்சி ஊனி நடக்குது, அண்ணன் வாசலைத் தாண்டல. நானும் காது கேக்காத மாதிரி சாப்பிட்டுக்கிட்டே இருப்பேன். என்ன சாப்பிட்டேன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

ஆறு மாசம் போச்சு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டச் சொன்னாங்க. நாப்பது அடி நீளம், பன்னெண்டு அடி உயரம். மச்சான் இல்லைல்ல? ரெண்டு சுவரையும் நானே கட்டினேன். கிழக்கையும் நான், மேற்கையும் நான். இப்பப் பாக்குறேன் எப்படிச் சாயுதுன்னு. ஒரு வரி வச்சதும் குண்டு, அடுத்த வரி வச்சதும் குண்டு. வாழ்க்கையில அப்படிச் சுத்தமா நான் சுவரு கட்டினதில்ல. முடிச்சுட்டு, சட்டம் வர்றதுக்கு முன்னாடி சும்மா ஒரு பேச்சுக்கு மேல ஏறி டேப்பு பிடிச்சேன்.

முக்கால் அடி குறையுது சார்.

இன்னொரு தடவை பிடிச்சேன். முக்கால் அடி. டேப்பை மாத்தினேன், அப்பவும் முக்கால் அடி. கிழக்குச் சுவருல குண்டு விட்டேன், நெட்டா நிக்குது. மேற்குச் சுவருல விட்டேன், நெட்டா நிக்குது. நான் சாரத்து மேல அப்படியே உக்காந்துட்டேன். அன்னைக்கு எனக்கு வந்த கஷ்டத்தை எப்படிச் சொல்றது? யாரைத் திட்டுறதுன்னு தெரியல. அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா அங்கயும் நான் கட்டின சுவருதான் நிக்குது. வாயைத் திறந்து கத்தலாம்னா எதிர்த்துக் கத்த ஆளு இல்ல. முப்பது வருசமா எதிர்ச் சுவருல மச்சானைப் பாத்தே பழகினவன் சார் நான். கூடம் எவ்வளவு பெருசுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

இறங்கி நேரா ஆக்னஸ் மேடத்துகிட்டப் போனேன். “அந்த வண்டிச் சக்கரத்தை இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்”னேன். சொன்னாங்க. பேப்பர்ல வட்டம் போட்டுக் காமிச்சாங்க. இந்தத் தடவை நான் கதைன்னு நினைக்கல.

அப்ப மச்சான் சுவரு நெட்டாத்தான் நின்னிருக்கு. அந்த மனுசன் செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, நல்லாயிருந்த முழங்காலை விட்டுட்டுப் போயிருக்காரு. நான் போகக்கூடாதுன்னு. நானும் அவரும் ஒரே சீட்டைத்தான் எழுதியிருக்கோம். அவரு காலையில எழுந்துட்டாரு, நான் மத்தியானம் போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்குப் போயி வெள்ளத்தாயிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நான் கிழிச்சுப் போட்ட சீட்டைப் பத்தியும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டா. அப்புறம், “ரெண்டு பேருக்கும் அறிவுன்னு ஒண்ணு இருந்தாத்தான”ன்னு சொல்லிட்டு அழுதா. ஆறு மாசம் கழிச்சு என்கிட்டப் பேசின முதல் பேச்சு அதுதான். மனசு நிறைஞ்சு போச்சு சார்.

ராத்திரியெல்லாம் இல்ல, பட்டப்பகல்ல, சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டு இருக்கும்போதுதான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுச்சு. அவரு சுவரு நெட்டா நிக்கிறது அவருக்குத் தெரியும். கண்ணால பாத்திருக்காரு. அப்புறமும் எதுக்கு எழுதிக் குடுத்தாரு? என் சுவருதான் சாஞ்சிருச்சுன்னு நினைச்சிருக்காரு! அதான், ‘அடுத்த சுவரைப் பாத்துக் கட்டு’! எட்டு மாசமா ஊர்ல உக்காந்துக்கிட்டு, தொழில் தெரியாத மாப்பிள்ளையைக் காப்பாத்திட்டோம்னு தியாகி மாதிரி நினைச்சுக்கிட்டு இருந்திருக்காரு சார்! யாரைப் பாத்து? இந்தச் சோலைமலையைப் பாத்து!

நானும் அவரைப் பத்தி அதையேதான நினைச்சேன்னு கேக்குறீங்களா? அது வேற சார். நான் நினைச்சதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. என் சுவரு நெட்டா இருந்துச்சுல்ல?

இந்தத் தடவை நான் ரெண்டாவது கூடத்தைக் காட்டினேன், மேடம் வட்டத்தைக் காட்டினாங்க, ஆபீஸ் இறங்கி வந்துச்சு. திரும்ப வரச்சொல்லி மச்சானுக்குச் சேதி போச்சு. காரணம் எதுவும் எழுத வேணாம்னு மேடத்துகிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். நேர்ல சொல்லிக்கிறேன்னேன். மூணு கேள்வி. ஒண்ணு, முப்பது வருசம் பாத்தியே, என் சுவரு என்னைக்காவது சாஞ்சிருக்கா? ரெண்டு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட? மூணு…

லைட்டு எரியுது பாருங்க. வந்துருச்சு. சட்டைக் காலரு சரியா இருக்கா சார்?

அந்தா. குச்சி ஊனிக்கிட்டு வர்றாரு பாருங்க, அவருதான். எப்படி எளைச்சுட்டாரு… கன்னம் ரெண்டும் உள்ள போயிருச்சே. மச்சான்! இங்க, இங்க. மெதுவா வா, உடனே திரும்பாத, தலை சுத்தும். கால் எப்படி இருக்கு? இங்க வலி தெரியலைல்ல? அந்தக் குச்சியைக் குடு.

என்ன மச்சான்? சத்தமாச் சொல்லு, இவரு நம்ம சார்தான், பரவால்ல.

என்னது?

…கவலைப்படாதேன்னா? எதுக்குக் கவலைப்பட?

…ஊர்ல யாருகிட்டயும் சொல்லலயா? வேலை முடிஞ்சிருச்சுன்னுதான் சொல்லி வச்சிருக்கியா? அந்தத் தெருவுல அத்தனை பேரு கேட்டும், என் சுவரைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலயா?

சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.

ஆமா மச்சான். என் சுவருதான் சாஞ்சு போச்சு.